ஆர்டர் 500, கைக்கு வருவது எப்போது? விமான நிலுவைக் கணக்கு படிக்கும் விதம்

2023 ஜூன் மாதம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ நிறுவனம் விமானம் தயாரிக்கும் ஏர்பஸ்ஸிடம் ஒரே தடவையில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பயணிகள் விமானத் துறையில் எண்ணிக்கையில் அதுவரை அத்தனை பெரிய ஆர்டரை யாரும் கொடுத்ததில்லை. அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தது. அந்த வாரம் எங்கள் வேலூரில், காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: “இத்தனை ஏரோப்ளேனையும் எங்கப்பா கொண்டுபோய் நிறுத்துவாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை, அந்த 500 விமானங்களில் ஒன்றுகூட அன்றைக்குப் பிறக்கவில்லை. 2030-க்கும் 2035-க்கும் நடுவில் ஒவ்வொன்றாக வரவேண்டியவை அவை. இண்டிகோ அன்று வாங்கியது வரிசையில் இடம். அந்த வரிசைக்குத்தான் பேக்லாக் என்று பெயர். ஆர்டர் வந்துவிட்டது, பொருள் இன்னும் கைமாறவில்லை, அப்படி நிற்கும் மொத்தம். இந்தக் கட்டுரையில் அதை நிலுவை என்றே சொல்கிறேன்.

கணக்கு என்று பார்த்தால் மளிகைக்கடை நோட்டுக் கணக்கைவிட எளிது. ஏர்பஸ்ஸின் 2024-ஆம் வருடத்தை எடுத்துக்கொள்வோம். வருடம் தொடங்கும்போது நிலுவை 8,598 விமானங்கள். அந்த வருடம் வந்த ஆர்டர் 878. அதில் ரத்தானவற்றைக் கழித்தால் மிச்சம், அதாவது நிகர ஆர்டர், 826. கட்டி முடித்து வாடிக்கையாளர் கையில் சாவி கொடுத்தது 766. 8,598-உடன் 826-ஐக் கூட்டி 766-ஐக் கழியுங்கள்: 8,658. வருடக் கடைசியில் ஏர்பஸ் அறிவித்த நிலுவை அதேதான். 2025-இலும் இதே கதை. நிகர ஆர்டர் 889, டெலிவரி 793, நிலுவை 8,754 ஆகிவிட்டது. ஒரு வருடம் முழுக்கப் பல தொழிற்சாலை நகரங்களில் வேலை நடந்தும் வரிசை குறையவில்லை, கொஞ்சம் நீண்டுதான் போனது.

செய்தித்தாள்கள் பொதுவாக இதில் ஆர்டர் எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. பாரிஸ் கண்காட்சி ஒற்றைப்படை வருடங்களில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சி இரட்டைப்படை வருடங்களில். கோடையில் அங்கே கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, பொம்மை விமானத்தைப் பரிமாறிக்கொள்ளும் படம் வரும். என்னைக் கேட்டால் அந்தப் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது டெலிவரி எண்ணுக்குக் கொடுக்கலாம். விற்கிறவருக்குப் பெரும்பணம் வருவது டெலிவரி நாளில்தான்.

பணம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஆர்டர் உறுதியாகும்போது ஒரு சிறிய முன்பணம். விமானம் வரவேண்டிய தேதிக்கு ஓரிரு வருடம் முன்பிருந்து தவணை தவணையாக இன்னும் கொஞ்சம். மீதி, அதாவது பெரும்பங்கு, விமானத்தைச் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளும் நாளில். பட்டியல் விலை என்று ஒன்று இருந்தது. 2018-இல் ஏர்பஸ்ஸின் ஏ320நியோ ரக விமானம் ஒன்றுக்கு 11 கோடி டாலருக்குச் சற்று மேல். அந்த விலையை முழுசாகக் கொடுத்து வாங்கியவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம். நூற்றுக்கணக்கில் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி பெரியது, அது எவ்வளவு என்பது இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கும்: கையெழுத்துப் போட்டதிலிருந்து டெலிவரி வரையில் கூலியும் உலோக விலையும் ஏறினால் விமானத்தின் விலையும் ஒரு சூத்திரப்படி ஏறும். பத்து வருடம் கழித்து வரும் பொருளுக்கு இன்றைய விலையைக் கட்டிவைக்க எந்த வியாபாரி ஒப்புவான்?

இண்டிகோ மாதிரி நிறுவனங்கள் இந்தத் தள்ளுபடியையே ஒரு தொழில்முறை ஆக்கின. மொத்தமாக ஆர்டர் கொடுத்துக் குறைந்த விலைக்கு விமானத்தை எடுப்பது. டெலிவரி சமயத்திலேயே அதை ஒரு குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலைக்கு விற்பது. பிறகு அதே விமானத்தை மாத வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. விமானம் வேறொருவர் பெயரில், வாலில் இருக்கும் சின்னம் மட்டும் இண்டிகோ உடையது. 2006-இல் முதல் விமானம் பறப்பதற்கு முந்தைய வருடமே 100 ஏ320-க்கு ஆர்டர் கொடுத்த கம்பெனி அது. இன்று விமானம் ஒன்றுகூட இல்லாத புதுக் கம்பெனி அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்கலாம், சிரிக்க மாட்டார்கள். ஆகாசா ஏர் 2021-இல், பறக்கத் தொடங்குவதற்கு முன்பே, 72 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2024 ஜனவரியில் ஐதராபாத் கண்காட்சியில் இன்னும் 150.

சரி, வரிசை ஏன் இவ்வளவு நீளம்? இதை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஏற்றுமதி கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்குவது சுலபம்; அவர்களுக்கு ஆர்டர் நிலுவை என்றால் ராத்தூக்கம் போகும் விஷயம். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் பையர் குளிர்கால சீசனுக்கு இத்தனை ஆயிரம் ஜோடி என்று ஆர்டர் கொடுப்பார். தோல் வெட்டி, அப்பர் என்ற மேல்பாகத்தைத் தைத்து அடுக்கியாகிவிடும். அடிப்பாகமான சோல் வந்து சேரவில்லை. அப்பர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டியில் போட முடியாது. ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர் விலையைக் குறைப்பார், இல்லையென்றால் கம்பெனி கைக்காசு போட்டு விமானத்தில் சரக்கை அனுப்ப வேண்டும், அதுவும் தவறினால் ஆர்டரே போச்சு. சீசன் முடிந்த பூட்ஸை யார் வாங்குவார்கள்?

விமானத் தொழிற்சாலையிலும் இதே சோல் பிரச்சினைதான். 2025-இன் நடுவில் ஏர்பஸ் கிட்டத்தட்ட 60 விமானங்களைக் கட்டி முடித்துவிட்டு இன்ஜினுக்காக நிறுத்தி வைத்திருந்தது. இறக்கை உண்டு, சக்கரம் உண்டு, பெயிண்ட் அடித்தாகிவிட்டது, இறக்கைக்குக் கீழே இன்ஜின் தொங்க வேண்டிய இடத்தில் காற்று. தொழிலில் இவற்றைக் கிளைடர் என்று அழைக்கிறார்கள். இன்ஜினை ஏர்பஸ் செய்வதில்லை. ஏ320நியோவுக்கு இரண்டே வழி: பிராட் அண்ட் விட்னி, அல்லது ஜிஇ-யும் பிரான்சின் சஃப்ரானும் கூட்டாக நடத்தும் சிஎஃப்எம். இந்த இரண்டு கடையிலும் வரிசை.

ஷூவும் விமானமும் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். ஷூ தாமதமானால் பையர் வியட்நாமுக்குப் போவார். விமானம் தாமதமானால் எங்கே போவது? நூற்றைம்பது பேருக்கு மேல் உட்காரும் விமானத்தை உலகம் முழுதும் விற்கும் கடை இரண்டுதான், ஏர்பஸ்ஸும் போயிங்கும். சீனாவின் சி919 2023 மே மாதம்தான் பயணிகளை ஏற்றத் தொடங்கியது, அதன் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆகவே தாமதத்துக்குக் கோபித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினால் அடுத்த கடையின் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். கத்தார் ஏர்வேஸ் இதை அனுபவித்தது. ஏ350 விமானங்களில் பெயிண்ட் உரிகிறது என்று அது ஏர்பஸ்ஸோடு லண்டன் நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரியில் ஏர்பஸ் பதிலுக்குக் கத்தாரின் 50 ஏ321நியோ ஆர்டரையே ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் சமாதானம் ஆனது, ஆர்டரும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பழைய இடம் கிடைக்கவில்லை, டெலிவரி மூன்று வருடம் தள்ளிப்போனது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். வரிசையில் ஓர் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்று எல்லா விமானக் கம்பெனிகளும் பார்த்துக்கொண்டன.

இன்ஜின் ஒன்று மட்டும் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. 2024-இல் ஏர்பஸ் முதலில் 800 விமானங்கள் தருவோம் என்றது, ஜூன் மாதம் அதைச் சுமார் 770 என்று குறைத்துக்கொண்டது. அப்போது சொன்ன காரணங்களில் விமானத்தின் உள்ளே பொருத்தும் சாமான்களும் உண்டு. ஆமாம், சீட்டும் கழிப்பறையும். கழிப்பறைத் தொகுதி வராமல் கோடிக்கணக்கான டாலர் விமானம் நிற்பது சிரிப்பாக இருக்கலாம், ஆனால் சீட் என்பது பர்னிச்சர் கடையில் போய் வாங்குகிற பொருள் இல்லை. மோதலில் எவ்வளவு அழுத்தம் தாங்கும், தீயில் எவ்வளவு நேரத்தில் பற்றும் என்று சோதித்து அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டைச் செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்புறம் கொரோனா. 2020-இல் போயிங் கொடுத்தது 157 விமானங்கள், ஏர்பஸ் 566. ஆர்டர் வறண்ட அந்த நாட்களில் பாகம் செய்யும் சின்னப் பட்டறைகள் பல வருடம் பழகிய கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. தேவை திரும்பியபோது ஆர்டர் திரும்பியது, கைகள் அதே வேகத்தில் திரும்பவில்லை. பிறகு உக்ரைன் போர். டைட்டானியத்துக்கு ரஷ்யாவை நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

போயிங் கதை தனி. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு 737 மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள், அந்த ரகமே மாதக்கணக்கில் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதில் போல்ட்டே போடாமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ மாதம் 38 மேக்ஸ்களுக்கு மேல் தயாரிக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது. 2025 அக்டோபரில்தான் அது 42 ஆனது. 2024 செப்டம்பரில் சுமார் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏழு வாரம். அந்த வருடம் போயிங் கொடுத்தது வெறும் 348.

இங்கே ஒரு சின்ன வகுத்தல் கணக்கு கைகொடுக்கும். நிலுவையை வருட டெலிவரியால் வகுத்தால் இன்று கடைசியில் போய் நிற்கிறவர் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று குத்துமதிப்பாகத் தெரியும். 2024 கணக்கில் ஏர்பஸ்ஸுக்குப் பதினொரு வருடத்துக்குச் சற்று மேல். போயிங்கின் நிலுவை 5,500-க்கு மேல், டெலிவரி 348; கிட்டத்தட்ட பதினாறு வருடம்! அடுத்த வருடம் போயிங்கின் நிலுவை 6,000-ஐத் தாண்டியது. வரிசை நீண்டதால் காத்திருப்பும் கூடியதா? குறைந்தது. டெலிவரி 600-க்கு ஏறியதால் கணக்கு பத்து வருடம் பக்கம் வந்துவிட்டது. நிலுவை எண்ணை மட்டும் பார்த்துக் கம்பெனி நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 8,700 என்பது விற்பனையின் வெற்றி மாதிரி தெரியும். ஏர்பஸ் 2019-இலேயே 863 விமானங்கள் கொடுத்த கம்பெனி என்பதைப் பக்கத்தில் வையுங்கள். ஆறு வருடம் கழித்து 793. போயிங் 2018-இல் 806, 2025-இல் 600. கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், செய்கிற வேகம் பழைய உயரத்துக்கே திரும்பவில்லை. ஏ320 குடும்பத்தை மாதம் 75 என்று தயாரிப்பது 2025-இல் என்று ஏர்பஸ் முதலில் சொன்னது, பிறகு 2026 என்றது, அப்புறம் 2027 என்றது.

நிலுவையில் இருப்பதெல்லாம் ஒரே உறுதியான ஆர்டர் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்காட்சியில் கையெழுத்தாவது பல சமயம் புரிந்துணர்வு ஒப்பந்தம்தான். அது நிலுவையில் ஏறாது. முன்பணத்தோடு ஒப்பந்தம் முடிந்தால்தான் உறுதி ஆர்டர். ‘வேண்டுமென்றால் இன்னும் ஐம்பது இதே நிபந்தனையில்’ என்று உரிமை மட்டும் வாங்கி வைப்பது ஆப்ஷன், அதுவும் ஏறாது. ஏறிய ஆர்டரும் கரையலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது 200-க்கும் மேற்பட்ட மேக்ஸ் ஆர்டர்கள் அதன் பெயரில் இருந்தன. வாங்குகிறவரே இல்லாத ஆர்டர்! இப்படிச் சந்தேகத்துக்கு இடமானவற்றைப் போயிங் அமெரிக்கக் கணக்கு விதிப்படி தனியே பிரித்து நிலுவையிலிருந்து கழித்துக் காட்டுகிறது. ஆர்டர் இப்படி ரத்தாவதால்தான் மொத்த ஆர்டர், நிகர ஆர்டர் என்று இரண்டு எண் வரும். ஒரே ஒரு எண்ணைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் நிகரத்தைப் படியுங்கள்.

இதெல்லாம் விமானம் கட்டும் துலூஸ், சியாட்டில் சமாச்சாரம், வேலூருக்கு என்ன என்று கேட்கலாம். அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே திட்டம் 19 பேர் உட்காரும் சிறு விமானத்துக்கு, ஏ320 இறங்கும் நீளம் அந்த ஓடுபாதைக்குக் கிடையாது. அந்தக் காத்திருப்பு வேறு வகைக் காத்திருப்பு.

ஆனால் இங்கே சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளிக் குடும்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம். பெரும்பாலானோர் ரயிலில் வருவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை அழைத்து வருகிறவர்கள் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி, அங்கிருந்து கார் பிடிப்பார்கள். 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களில் சில தட்டுகள் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் அசுத்தம் கலந்திருந்தது வெளியே வந்தது. இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் பட்டறைகளிலும் வரிசை. 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் இதனால் தரையில் நின்றன. அதற்கு முன்பே, 2023 மே மாதம், பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களைக் குற்றம்சாட்டிவிட்டு கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. சாதாரண நாளில் ஒரு விமானம் நின்றால் புதியதை வரவழைக்கலாம். நிலுவை பத்து வருடத்துக்கு நிற்கும் காலத்தில் புதியது எங்கிருந்து வரும்? வயதான விமானங்களின் குத்தகையை நீட்டுவார்கள், வெளிநாட்டிலிருந்து பைலட்டோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள், வாடகை ஏறும். டிக்கெட் விலையை எரிபொருளும் பண்டிகை நெரிசலும் இன்னும் பலவும் தீர்மானிக்கின்றன, எல்லாப் பழியையும் நிலுவை மேல் போட முடியாது. சீட் குறைவாக இருக்கும் சந்தையில் அவசரமாகப் போகிறவர்தான் அதிகம் கொடுக்கிறார் என்பது மட்டும் நிச்சயம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவசரமாகத்தான் போகிறார்கள்.

இன்னொரு பக்கம், ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத்தும் சிஎன்சி மெஷினும் வைத்திருப்பவர்கள் இந்த நிலுவையை வேறு கண்ணோடு பார்க்கலாம். ஏர்பஸ், போயிங் இரண்டுமே இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் பாகங்களும் சேவைகளும் வாங்குவதாகச் சொல்கின்றன. தமிழ்நாடு அரசு 2022-இல் வான்வெளி, பாதுகாப்புத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. நம் ஊரிலிருந்து சென்னை போகும் வழியிலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், அதற்கென்று தொழிற்பூங்கா இருக்கிறது. பத்து வருட வேலை வரிசையில் நிற்கிறது என்றால் அதைப் பிரித்துக் கொடுக்க ஆள் தேடித்தானே ஆக வேண்டும்.

ஆசைப்படும் முன் ஒரு எச்சரிக்கை. பாய்லர் பாகம் செய்து பழகிய பட்டறை மறுநாளே விமான பிராக்கெட் செய்ய முடியாது. துல்லியம் பிரச்சினையே இல்லை, நம்மவர்களுக்கு அது வரும். ஏஎஸ்9100 என்ற தரச் சான்று வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது, எந்த மெஷினில் யார் செய்தார், எந்தக் கருவியால் அளந்தார், அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று காகிதம் இருக்க வேண்டும், அந்தக் காகிதத்தைப் பல வருடம் பத்திரப்படுத்த வேண்டும். முதல் மாதிரிப் பாகத்துக்கு ஒப்புதல் கிடைக்கவே மாதங்கள் ஆகும். அதுவரை வருமானம் கிடையாது, வங்கி வட்டி மட்டும் ஓடும். நிலுவை எட்டாயிரம் என்ற செய்தியை நம்பி மெஷின் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது தன் பாகம் போகும் ரகம் மாதம் எத்தனை ஓடுகிறது என்பதை. போயிங்கின் 777எக்ஸ் என்று ஒரு பெரிய விமானம், 2020-இல் வரவேண்டியது, இப்போது 2027 என்கிறார்கள். அதை மட்டும் நம்பித் தொடங்கிய பட்டறைக்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உலகத்தில் ஆர்டருக்குக் குறைவில்லை, அவர் மெஷின் மட்டும் சும்மா நிற்கும்.

எண்களைத் தொடர்ந்து பார்க்க ஆசை இருந்தால் வழி சுலபம். இரண்டு கம்பெனிகளும் மாதா மாதம் ஆர்டரையும் டெலிவரியையும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன, காசு கிடையாது. முதலில் நிகர ஆர்டர், அடுத்து டெலிவரி, போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு எண், போதும். போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். வருடக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் 2024 டிசம்பரில் ஏர்பஸ் 123 விமானங்களைத் தள்ளிவிட்டது, அடுத்த ஜனவரியில் கொடுத்தது 25. அந்த 25-ஐப் பார்த்துப் பதறிப்போய் ‘ஏர்பஸ் உற்பத்தி படுவீழ்ச்சி’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், பிப்ரவரி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.